ஐந்து தட்டுகளைக் காணோம்

“பதினேழாம் நம்பருக்குப் பூஜ்யம்!”

மேடம் ஒரே போடாகப் போட்டதும், தேர்வுக் குழுவின் மற்ற இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கான மூன்று வருட ஆராய்ச்சி வேலை அது. இருப்பதோ ஒரே இடம். சிபாரிசு நுழைந்துவிடக் கூடாதென்று பெயர்களை மறைத்து நம்பர் மட்டும் கொடுத்திருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பரீட்சை. நாற்பது கண்ணாடித் தட்டுகளில் வளர்த்த செல்களுக்கு மருந்து கொடுத்து அளந்த அளவுகள் தரப்படும். அவற்றை வைத்து, மருந்துக்கு அந்த செல்கள் எப்படி மசியும் என்று கம்ப்யூட்டரில் ஒரு மாடல் கட்ட வேண்டும்.

“மேடம், இருக்கறதுலயே இதுதான் அழகான மாடல். வரைபடத்துல கோடு எல்லாப் புள்ளி மேலயும் அப்படியே உக்காருது” என்றார் கணினித் துறைக்காரர்.

“உக்காராம என்ன பண்ணும்? புள்ளியை எண்ணிப் பாருங்க, நாப்பதுல முப்பத்தஞ்சு தட்டுதான் இருக்கு. ஒத்து வராத அஞ்சை இந்த ஆசாமி சத்தமில்லாம கழிச்சுட்டார். ஏன்னு ஒரு வரிகூட எழுதலை.”

மூன்றாமவர் இளகிய மனசுக்காரர். “யாரோ சின்னவங்க... வாழ்க்கைப் பிரச்சினை மேடம். மார்க்கைக் குறைச்சுட்டு விட்டுடலாமே?”

“அந்த அஞ்சுலதான் சார் மருந்து வேலை செய்யலை! நாளைக்கு இதை நம்பி ஒரு நோயாளிக்குக் கொடுத்தா யார் பதில் சொல்றது? பூஜ்யம்னா பூஜ்யம்தான். இனிமே இங்க விண்ணப்பிக்கவே கூடாதுன்னும் சேர்த்து எழுதுங்க.”

எழுதினார்கள். மேடத்துக்கு நேர்மை விஷயத்தில் மூக்கின் மேல் கோபம் வரும் என்பது ஊரறிந்த சங்கதி. அவரிடம் யார் வாதாடுவது?

கையெழுத்துப் போட்டபோது மேடத்தின் மனசு வேறு எங்கோ இருந்தது. அவருடைய மாணவனும் விண்ணப்பித்திருந்தான். ஐந்து வருடம் அவர் லேபிலேயே கிடந்தவன், தங்கமான பையன். எந்த நம்பரோ தெரியாது. ஆனால் இடம் அவனுக்குத்தான் என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை.

அலுவலகப் பெண் உறையைப் பிரித்துப் பெயர்களை வாசித்தாள். பதினேழு வந்ததும் மேடத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அவனேதான்!

மாடிப்படியில் விழாத குறையாக இறங்கி லேபுக்கு ஓடினார். அவன் தட்டுகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான்.

“நீயா? நீயாப்பா இப்படிப் பண்ணினே?”

“என்ன மேடம் ஆச்சு?”

“அஞ்சு தட்டை ஏன் தூக்கினே? உன் வேலை போச்சு. இனிமே விண்ணப்பிக்கவும் முடியாது. என் கையாலயே எல்லாத்தையும் முடிச்சுட்டு வந்திருக்கேன்!” மேடத்தின் குரல் உடைந்தது. “இந்தத் திருட்டுத்தனத்தை எங்க கத்துக்கிட்டே?”

அவன் முகம் வெளுத்துப்போனது. ஆனால் மாட்டிக்கொண்டவனின் திருதிரு முழிப்பு அதில் இல்லை. நிஜமாகவே ஒன்றும் புரியாமல்தான் நின்றான்.

“அது... தப்பா மேடம்? ஒத்து வராத தட்டுன்னா ‘கை தவறியிருக்கும், எடுத்துடு’ன்னு நான் லேபுக்கு வந்த முதல் நாளே சொன்னீங்களே? போன மாசம் வந்த உங்க ஆராய்ச்சிப் பேப்பர்லகூட ஒம்பது தட்டை எடுத்தோமே மேடம்?”