ராஜகுமாரி பாடிய பஸ்

சங்கரன்கோவில் பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள சின்ன ஒலிப்பதிவு ஸ்டுடியோவில், விசைத்தறி ஓட்டும் பேச்சித்துரை கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறான். தான் விளையாடும் பஸ் ஓட்டும் வீடியோ கேமில் புளியங்குடி பஸ் ஒன்றை அவனே உருவாக்கி ஓடவிட்டிருக்கிறான். அதில் ஒலிக்க மனைவி ராஜகுமாரி பாடித் தந்திருக்கிறாள். "வேற யாரும் கேக்கப்புடாது, சொல்லிட்டேன்" என்பது அவள் கண்டிப்பு. பாட்டுக் கோப்பை அவனே கேமுக்கு ஏற்ற வடிவத்துக்கு மாற்றிப் பார்த்தபோது குரல் தகர டப்பாவுக்குள் போய்விட்டது. "மாத்துனதயே திரும்ப மாத்துனீரோ? ஒவ்வொரு தடவையும் நசுங்கும் வே. அசல்ல இருந்து ஒரே தடவதான் மாத்தணும்" என்கிறான் கடைக்காரன் சாதிக். போனிலிருந்து அசல் பாட்டு கணினிக்குள் இறங்குகிறது. அதை மாற்றி முடித்ததும் சாதிக் எழுந்து மின்விசிறியை நிறுத்துகிறான், ஷட்டரைப் பாதி இறக்குகிறான். வெயில் தரையில் ஒரு கோடாகச் சுருங்குகிறது.

"எதுக்கு வே அடைக்கீரு?" என்கிறான் பேச்சித்துரை. சாதிக் ஹெட்போனை எடுக்கிறான். ஒரு நகல் வைத்துக்கொள்வானோ, நாளைக்கு அவள் குரல் ஊர் முழுக்கச் சுற்றுமோ? பேச்சித்துரையின் கை போன் வயரை இறுகப் பிடிக்கிறது. ஹெட்போன் அவன் பக்கமே நீளுகிறது. "பஸ் இரைச்சல், விசிறி இரைச்சல் இல்லாம நீரே கேளும். வீட்டு ஆளு குரலுன்னு சொன்னீருல்லா, நான் கேக்கல. திரையில ஓடுத ஒலிக் கோட்டப் பாத்துத்தான் மாத்துனேன்." மாற்றியதைப் போனில் ஏற்றிவிட்டு, கணினியில் இருந்ததை அவன் கண்முன்னே அழிக்கிறான். காதுக்குள், பாட்டுக்கு முன்னால் அவள் இழுக்கும் மூச்சும் வளையல் சத்தமும் அப்படியே இருக்கின்றன. அவன் கேட்டு முடிக்கும்வரை, வியர்வை வழிய வழிய, சாதிக் விசிறியைப் போடாமல் நிற்கிறான்.