வீட்டுக்கொரு டிவி

“டிவியை எங்கங்க வைக்கிறது?” என்று மனைவி கேட்டாள்.

“தையல் மிஷின் மேலயே வை. அது சும்மாதானே கிடக்கு” என்றார் டெய்லர்.

அன்று காலை தெருவே திரண்டுபோய் அமைச்சர் வீட்டு வாசலில் உட்காருவதாக இருந்தது. ஆனால் விடிந்ததுமே வேன் வந்து, வீட்டுக்கு ஒரு டிவியை இலவசமாக இறக்கிவிட்டுப் போனது.

“மணி பத்தாச்சே, இன்னும் யாரையும் காணோமே?” என்றார் டெய்லர்.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். “அண்ணே, இன்னிக்கு ஃபுட்பால் ஃபைனல் மேட்ச். போராட்டத்தை அடுத்த வாரம் வச்சுக்கலாம். ஆயிரம் சொல்லுங்க, அமைச்சருக்குத் தாராள மனசு!”

அவர் போனதும் மனைவி சுவிட்சைப் போட்டாள். திரையில் அமைச்சர் கைகூப்பிச் சிரித்தார்.

“படம் எப்படி இருக்கு?”

“பளிச்சுனு இருக்குங்க.”

போன மாதம் அதே அமைச்சர் தொடங்கிவைத்த இலவசக் கண் சிகிச்சை முகாமில்தான், டெய்லருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பார்வையும் போனது.

“அணைச்சுட்டு வா. நாம ரெண்டு பேரும் போவோம்.”

அவள் அவர் கையைப் பிடித்துத் தெருவில் இறங்கினாள். எல்லா வீடுகளிலிருந்தும் கைதட்டல் எழுந்தது.

டெய்லர் முகம் மலர்ந்து நின்றார். “நமக்கா?”

“இல்லைங்க. யாரோ கோல் போட்டுட்டாங்க.”