எர்த் வயர் நட்டு

நட்டை இன்னும் ஒரு சுற்று முடுக்கினால் வேலை முடிந்தது. நாளையிலிருந்து நூகு பாய் வர வேண்டியதில்லை.

அமுதம் ஸ்பானரை நட்டில் போட்டபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

மண்டபத்தூர் கடற்கரையிலிருந்து வருகிற மண்சாலை மெயின் ரோட்டில் முட்டும் இடத்தில் அவளுடைய பஞ்சர் கடை. புருஷன் வைத்த கடை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு கடையும் காற்றடிக்கிற மிஷினும் அவள் தலையில் விழுந்தன. பொம்பளை டயர் கழற்றுவதைப் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது. அவர்களுக்கு.

நூகு பாய்க்குத் திருமலைராயன்பட்டினம். மஸ்கட்டில் மணலில் வண்டி ஓட்டிய ஆள். மனைவி மவுத்தான பிறகு ஊரோடு வந்து, பழைய ஃபோர்வீல் ஜீப் ஒன்றை வாங்கி, ஐஸ் பெட்டியோடு படகு கரையேறும் இடத்துக்கே இறங்கி மீன் எடுத்தார்.

டயரில் காற்றைக் குறைத்தால்தான் வண்டி மணலில் புதையாது. குறைத்த காற்றோடு தார் ரோட்டில் ஓட்டினால் டயர் போய்விடும். அதனால் தினமும் காலையில், தொந்தி சரிந்த நாலு டயரோடு, ஜீப் அவள் கடை வாசலுக்கு ஊர்ந்து வரும்.

நாலு டயருக்கும் காற்றடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். அவர் இரண்டு டீ குடிப்பார்.

"ஒங்க மிஷினு இருமுற இருமலுக்கு ஆஸ்பத்திரில சேத்துரலாம், அமுதம்."

"மொதல்ல ஒங்க ஜீப்ப சேத்துருங்க பாய். அப்பறம் நா இதக் கூட்டியாறேன்."

அவ்வளவுதான் பேச்சு. அது தவிர நாள் முழுக்க அவள் வாயிலிருந்து வருவது "எந்த வீலு?" என்பது மட்டும்.

அவர் மகன் தௌஹீத் லீவில் வந்தபோது காற்றடிக்கிற சின்னக் கம்ப்ரசர் ஒன்று வாங்கி வந்தான். வண்டிக்குள்ளேயே மாட்டிக்கொள்வது, பேட்டரியில் ஓடும். வாப்பா தினமும் ஒரு கடை வாசலில் காத்துக் கிடப்பானேன் என்று கேட்டானாம்.

"நீங்கதான் மாட்டித் தரணும்," என்று நூகு பாய் அந்த அட்டைப்பெட்டியைப் பெஞ்சில் வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பேட்டரிக்குப் பக்கத்தில் இரும்புப் பட்டை வெட்டித் துளை போட்டாள். அதிர்வு தாங்கப் பழைய டியூபை மடித்து அடியில் கொடுத்தாள். சூடு படாமல் ஒயரை ஒதுக்கிக் கட்டினாள். எர்த் வயர்தான் பாக்கி. அதைக் கொஞ்சம் லூசாக விட்டால் போதும், நாலு பள்ளத்தில் இறங்கி ஏறினால் தானே கழன்றுகொள்ளும், கம்ப்ரசர் ஓடாது. யாரும் குற்றம் சொல்ல முடியாது. ரோடு அப்படி.

முடுக்கினாள். கேட்டதற்கு மேல் அரைச் சுற்று கூடவே முடுக்கினாள். வேலை என்றால் வேலை.

நூகு பாய் சுவிட்சைப் போட்டார். டுர்ரென்று ஓடியது. இருமல் கிருமல் ஒன்றுமில்லை.

"நல்லாத்தான் மாட்டியிருக்கீங்க," என்றார், எழவு வீட்டில் பேசுகிற குரலில்.

மறுநாள் ஜீப் நிற்காமல் போனது. டயர் கல்லு மாதிரி இருந்தது. ஹாரன் மட்டும் அடித்தார். டீக்கடைக்காரர் பழக்கத்தில் மூன்று டீ கொண்டுவந்து வைத்தார். மூன்றையும் அவளே குடித்தாள்.

அதற்கு மறுநாளும் ஹாரன்.

அடுத்த நாள் ஜீப் தொந்தி சரிய ஊர்ந்து வந்து வாசலில் நின்றது.

"என்ன பாய்?"

"ஓடல. என்னான்னு தெரியல. பாருங்க."

பானட்டைத் தூக்கினாள். பட்டை அசையவில்லை. ஒயர் கட்டு அவிழவில்லை. எர்த் வயர் மட்டும் தனியாகத் தொங்கியது. அவள் முடுக்கிய முடுக்குக்கு எந்தப் பள்ளத்திலும் அது கழலாது. ஸ்பானர் போட்டு மல்லுக்கட்டியிருக்க வேண்டும். நட்டைக் காணோம்.

திரும்பிப் பார்த்தாள். நூகு பாயின் வலது கை விரல் முட்டியில் தோல் உரிந்திருந்தது. வெள்ளைச் சட்டைப் பையின் அடியில், நட்டு அளவுக்கு, கறுப்பாக ஒரு எண்ணெய்க் கறை.

அமுதம் நட்டு டப்பாவைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

"இந்த அளவு நட்டு நம்மகிட்ட இல்ல பாய். வெளியூர்லேருந்து வரணும். நாளாவும்."

"ஆவட்டும்," என்று நூகு பாய் பெஞ்சில் உட்கார்ந்தார்.