மாடியிலிருந்து குதித்த பாப்பா

"நிறுத்துங்கய்யா!"

தொழிலாளர் ஆய்வாளர் போட்ட சத்தத்தில் படப்பிடிப்பே நின்றது.

இரட்டைச் சடையும் பள்ளிச் சீருடையுமாக ஒரு பெண் அப்போதுதான் மூன்றாவது மாடியிலிருந்து மெத்தையில் குதித்து எழுந்திருந்தாள். ஆய்வாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"சார், அவங்க கதாநாயகிக்கு டூப்..." என்று ஆரம்பித்தார் டைரக்டர்.

"பச்சப் புள்ளைய மாடியிலேருந்து குதிக்க விட்டுட்டு விளக்கம் வேறயா? பதினெட்டு ஆகாதவங்களை ஆபத்தான வேலைக்கு வெச்சா ஜெயில்தான், தெரியுமில்ல?"

டைரக்டர் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. ஆள் பயந்து நடுங்குகிறான் என்று ஆய்வாளருக்கு உள்ளூரத் திருப்தி.

அந்தப் பெண்ணிடம் குனிந்தார். "பயப்படாதே பாப்பா. சொல்லு பாப்பா, உன்கூட யாரு வந்திருக்கா?"

அவள் சடையைத் திருகிக்கொண்டே, குடை நிழலில் உட்கார்ந்திருந்தவனைக் காட்டினாள். ஆறடி உயரம், கருகருவென்று தாடி. அண்ணனாகத்தான் இருக்க வேண்டும்.

ஆய்வாளர் அவன்மேல் பாய்ந்தார். "எருமை மாடு மாதிரி வளர்ந்திருக்கியே, வெக்கமா இல்ல? நீ ஏறிக் குதிக்க வேண்டியதுதானே!"

"அதுக்குத்தான் சார் நானும் தினம் கெஞ்சுறேன். எனக்குப் பதினேழுதான் ஆகுது. பதினெட்டு முடியறதுக்குள்ள ஏணியில ஏறினா காலை ஒடிச்சிடுவேங்கறாங்க எங்கம்மா."

"பொண்ணைக் குதிக்க விட்டுட்டுப் பையனைப் பொத்தி வளர்க்கறாங்களா? எங்க உங்கம்மா? கூப்பிடு!"

"இவ்வளவு நேரம் அவங்களைத்தான் சார் பாப்பா, பாப்பான்னு கொஞ்சிட்டிருந்தீங்க."