துப்பறியும் இளவழகனுக்குப் புது ஆசிரியர்

"எழுதுங்க தம்பி. புது ஆளுக்குக் கதையே எழுதத் தெரியல, பழைய ஆளையே திரும்பக் கூப்பிடுங்கன்னு எழுதுங்க!"

அம்சம் விடுவதாக இல்லை. நடவு முடித்துச் சேற்றுக் காலோடு நேரே படிப்பகத்துக்கு வந்திருந்தாள். பின்னால் பத்துப் பெண்கள்.

சொசைட்டி கிளார்க் இராஜாங்கத்துக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் எழுத்தாளருக்கு மார்க் போட வந்துவிட்டார்கள்!

'துப்பறியும் இளவழகன்' இருபது வருடமாக வரும் மாத நாவல். மூன்று வருடமாக அதைச் சாயங்காலங்களில் இவர்களுக்கு வாசித்துக் காட்டியவர் லூர்துராஜ் வாத்தியார். போன மாதம் அவர் வேளாங்கண்ணிக்கு மாற்றலாகிப் போக, அந்த வேலை இராஜாங்கம் தலையில் விழுந்தது. பார்த்தால், அதே மாதம் நாவலுக்கும் ஆசிரியர் மாறியிருந்தார்.

"அப்படி என்னக்கா தப்பு கண்டீங்க?"

"நகையத் திருடுனது பண்ணையாளுன்னு முடிச்சிருக்கானே! பழைய ஆளு ஒரு தடவயாவது அப்படி எழுதியிருக்காரா? பழி பண்ணையாளு மேல விழும். கடைசியில மிராசுதாரோட மச்சினன் மாட்டுவான். அதக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும் தம்பி."

இராஜாங்கத்தின் சிரிப்பு நின்றது. அம்சத்தின் புருஷன் ரெத்தினமும் பண்ணையாள்தான்; கூலி உயர்வு கேட்டான். களத்து நெல்லைத் திருடினான் என்று மிராசுதார் கேஸ் போட்டார். நன்னிலம் கோர்ட்டில் அது மூன்று வருடமாக வாய்தா வாய்தாவாக ஓடுகிறது.

அன்றைக்கே நாவல் வெளியிடுகிறவர்களுக்குக் கார்டு எழுதிப் போட்டான்.

பத்தாம் நாள் சென்னையிலிருந்து பதில் வந்தது.

'ஐயா, எங்கள் நாவலில் பண்ணையாளோ வேலைக்காரனோதான் எப்போதும் திருடன். பழையவர் போட்ட பாதையில்தான் புதியவரும் போகிறார். இத்தனை நாள் நீங்கள் படித்தது எங்கள் புத்தகம்தானா?'

இராஜாங்கம் அலமாரியைத் திறந்து பழைய புத்தகங்களின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். அச்சில் எல்லாவற்றிலும் பண்ணையாளோ வேலைக்காரனோதான் திருடன். ஓரத்தில் மட்டும் லூர்துராஜ் வாத்தியாரின் பென்சில் எழுத்து: 'திருடியவன் மச்சினன். அம்சம் இருந்தால் நிறுத்தி நிதானமாக வாசிக்கணும்.'

"பதில் வந்துடுச்சாமே தம்பி? என்ன எழுதியிருக்காங்க?" வாசலில் அம்சம் நின்றாள்.

இராஜாங்கம் கார்டை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, கணீரென்று வாசித்தான்.

"அன்புள்ள அம்சம் அம்மாவுக்கு வணக்கம். மன்னிக்கவும். கடைசிப் பக்கம் தப்பாக அச்சாகிவிட்டது. பண்ணையாள் நிரபராதி."