துறைமுகத்துத் தாளம்

நீருக்கடியில் நீந்தி வந்து கப்பல்களைத் தாக்குபவர்களுக்குப் பயந்து, கடற்படை திருகோணமலைத் துறைமுகத் தண்ணீருக்குள் ஓயாமல் வெடி போட்ட காலம் அது. சுகிர்தன் அந்த வெடிச்சத்தத்தைப் பதிவுசெய்து, கணினியில் அடுக்கி, ஒரே அடி திரும்பத் திரும்ப விழும் எலக்ட்ரோனிக் இசையாக்கினான். அதை வெளியிட யார் வருவார்கள்? தானே சீடியில் பிரதியெடுத்துத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்தான்.

முதல் பிரதியிலேயே அவன் வைக்காத ஒரு சத்தம் இருந்தது. தூரத்தில், மரத்தில் மூன்று தட்டு, பிறகு ஓர் இடைவெளி. அடுத்த பிரதியில் அது கொஞ்சம் கிட்டக் கேட்டது.

அது காதில் விழ, பக்கத்து வீட்டு இரத்தினேஸ்வரி வேலியைச் சுற்றி ஓடிவந்தாள். அவள் கணவன் வீரசிங்கம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பாமல் இரண்டு வருடம்.

“தம்பி, அது அவர்தான். மீனை வெருட்டி வலைக்குள்ள கலைக்க, துடுப்பால வள்ளத்தில இப்பிடித்தான் தட்டுறவர்.”

“இல்லையக்கா, அது மெசின் பிழை.”

“கிட்ட வாறார் தம்பி. ஒவ்வொரு நாளும் போடுங்கோ.”

பிரதிக்குப் பிரதி தட்டல் நெருங்கியது. சுகிர்தனின் தாளம் கெட்டது. அழித்துப் பார்த்தான்; ஏலவில்லை. எரிச்சலில், தட்டல் கேட்கும் இடத்தின் மேலேயே ஒரு வெடிச்சத்தத்தைத் தூக்கி வைத்தான். அதோடு தட்டல் நின்றுவிட்டது.

அன்று பின்னேரம் இரத்தினேஸ்வரி அவன் வீட்டுக் கதிரையில் அமர்ந்து அந்தப் பிரதியைக் கடைசிவரை கேட்டாள்.

“இப்ப சுத்தமாயிருக்குத்தானே அக்கா?” என்றான் அவன்.

அவள் திரும்பப் போடச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை எடுத்து, இரண்டு வருடமாக யார் சொல்லியும் அழிக்காத குங்குமப் பொட்டை அழுத்தித் துடைத்தாள்.