சீட்டு போட்டது யார்?

"கதவைத் தாழ் போடு" என்றாள் லீடரம்மா.

தூங்குமூஞ்சி எழுந்துபோய்த் தாழ் போட்டாள். மதியம் மூன்று மணி. வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, இந்த இருவரையும் சேர்த்து ஐந்து பெண்கள் பன்னிரண்டாம் அறைக் கட்டிலில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். ஆறாவது பெண் அவர்கள் எதிரில் நின்றாள். அந்த அறைக்காரிதான். ரூம்மேட் என்றுதான் அவளை எல்லோரும் கூப்பிடுவார்கள்.

இன்னொரு கட்டில் காலி. அதில் படுத்திருந்த பொடிசைக் காலையில்தான் வார்டன் கைத்தாங்கலாக இறக்கி, காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

முதலாம் ஆண்டு பெண்கள் விடுதியில், அந்த மாடிக்கு மொத்தம் ஏழு பேர். முதல் டெஸ்ட்டில் மார்க் குறைந்துபோன அன்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்த பொடிசு, நாலு நாளாக எழுந்திருக்கவில்லை. தண்ணீர் மட்டும்தான். "வீட்டுக்குத் தெரிஞ்சா படிப்பை நிறுத்திக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று ஆறு பேரிடமும் தன் தலையில் கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தாள். பழகி இரண்டு மாதம்தான் ஆகிறது. ஆனால் அந்த வயதில் சத்தியம் என்றால் சத்தியம்தான்.

கீழே சாப்பாட்டு ஹால் வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. குழாய் ஒழுகினால், பல்பு போய்விட்டால், அறை எண்ணையும் பழுதையும் சீட்டில் எழுதி அதில் போட வேண்டும். இன்று காலை பெட்டியைத் திறந்த வார்டன், கையில் சீட்டோடு மூச்சு வாங்க மாடியேறி இந்த அறைக்கே வந்துவிட்டார்.

"நீதானே போட்டே?" என்றாள் லீடரம்மா.

"இல்லை" என்றாள் ரூம்மேட்.

"நேத்து சாயங்காலம் நீ பெட்டிகிட்ட நின்னே. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

"அவளுக்குத் தட்டுல சாப்பாடு எடுத்துட்டு வந்தேன். பெட்டி வாசல்லதானே இருக்கு, நான் என்ன சுவரேறிக் குதிச்சா வர முடியும்?"

"கதை விடாதே. கூடவே இருக்கறது நீ. உன்னைத் தவிர வேற யாரு?"

"கார்ல ஏறும்போது அவ உன்னைத்தான் திரும்பிப் பார்த்தா" என்றாள் கண்ணாடிக்காரி. "பாவம், நம்பியிருந்தா."

ரூம்மேட்டுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நாலு நாளா அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தவ நான். அவ தொடாம வச்சதை யாருக்கும் தெரியாமக் கொண்டுபோய்க் கொட்டினவளும் நான். வகுப்புல காய்ச்சல்னு சொன்னேன். அவ அப்பா போன் பண்ணப்பல்லாம் குளிக்கறா, தூங்கறான்னு வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னேன். இவ்வளவும் பண்ணிட்டு நானே போய்க் காட்டிக்கொடுப்பேனாடி?"

யாரும் அசையவில்லை. நல்லவள் மாதிரி பேசினால் போதுமா?

"சாயங்காலம் அவ அப்பா வர்றார்" என்றாள் லீடரம்மா. "துணிமணியைக் கட்டிக் கூட்டிட்டுப் போயிடுவார். ஒரு பொண்ணோட படிப்பே போச்சு, உன்னால. இனிமே இந்த மாடியில உன்கூட யாரும் பேச மாட்டோம். எங்க டேபிள்ல உனக்கு இடம் கிடையாது. சம்மதம்னா கை தூக்குங்க."

நாலு கைகள் எழுந்தன. தூங்குமூஞ்சியின் கை மட்டும் கொஞ்சம் தாமதமாக.

ரூம்மேட் அழுதே விட்டாள். மூன்று வருஷம் இவர்களோடுதான் இருந்தாக வேண்டும். "எங்கம்மா சத்தியமா நான் எழுதலை. ஒரு எழுத்துகூட எழுதலை. நான் எழுதலைடி."

"நடிப்பு" என்றாள் கண்ணாடிக்காரி.

கதவு தட்டப்பட்டது. வார்டன்தான். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தார். உட்காரக்கூட இல்லை.

"டிரிப்ஸ் ஏறுது. கண்ணைத் திறந்து பேசினா. 'இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா…'ன்னு ஆரம்பிச்ச டாக்டர், என் முகத்தைப் பார்த்துட்டு மேல சொல்லலை."

"அவ அப்பா வந்து…" என்று இழுத்தாள் லீடரம்மா.

"வந்துட்டார். மார்க் எவ்வளவுன்னு ஒரு வார்த்தை கேக்கலை. பிள்ளை கையைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருக்கார். ரெண்டு நாள்ல இங்கேயே கொண்டுவந்து விடறேன்னு சொன்னார்."

வார்டன் அறையைச் சுற்றிப் பார்த்தார். அழுத முகம் ஒன்று, அதட்டிய முகங்கள் ஐந்து. புரிந்துகொள்ள அவருக்கு நேரம் ஆகவில்லை.

"சீட்டு போட்டது யாருன்னு பஞ்சாயத்தா?"

வார்டன் கைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக மேஜைமேல் வைத்தார்.

"ரூம் பன்னிரண்டு, உடனே வந்து பார்க்கவும். இது ஒண்ணு. ரூம் பன்னிரண்டு, அவ சாப்பிடலை, பயமா இருக்கு. இது ரெண்டு. நான் சொன்னேன்னு தெரிய வேண்டாம், ப்ளீஸ் மேடம். மூணு. நாலு. அஞ்சு. ஒண்ணுலயும் பேர் இல்லை. அஞ்சும் அஞ்சு விதமான கையெழுத்து."

லீடரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கட்டிலில் இருந்த ஒருத்தியும் இன்னொருத்தியை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"போட்டவங்களை நான் கேக்கப்போறதில்லை. அவங்களாலதான் அந்தப் பொண்ணு பொழைச்சா" என்றார் வார்டன். "ஆனா ஆறு பேர் இருக்கீங்க. அஞ்சு சீட்டுதான் வந்திருக்கு. போடாத அந்த ஒருத்தி யாரு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதலை மேடம்" என்றாள் ரூம்மேட்.

இந்த முறை எல்லோரும் நம்பினார்கள்.